முழங்காற் காயம்: முதல் நாளில் அறியவேண்டுவன

விளையாட்டிடத்தில் நேரும் காயங்களுள் இளைஞரை நெடுநாள் முடக்கவல்லது முழங்காற் காயம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் மாணவர் துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் ஈடுபாடு மிக்கவர். ஆதலின் அக்காயத்தை மதிப்பிடும் முறையையும் ஆற்றும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தொடையென்பும் கணைக்காலுள்ளென்பும் கூடுமிடமே முழங்கால். முன்னே சில்லு காத்து நிற்கின்றது. இவ்வென்புகளை நான்கு இணைப்பு நார்கள் பிணிக்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டின் நடுவே குறுக்காக இரண்டு. என்புகளுக்கிடையே பிறைவடிவான இரு கசியிழையத் தட்டுகள் மெத்தைபோல் அமைந்துள.

காயமுற்றவரை வினவவேண்டியவை மூன்று. கால் எவ்வாறு திரும்பியது? ஓசை ஏதும் கேட்டதா? வீக்கம் எப்பொழுது தோன்றியது? பாதம் ஊன்றியிருக்க உடல் திரும்பி, 'டக்' என்ற ஓசையெழுந்து, இரண்டு மணி நேரத்துள் முழங்கால் வீங்குமாயின், மூட்டினுள் இரத்தம் கசிந்ததெனக் கொள்ளலாம். முற்குறுக்கு நார் அறுதலே அதற்குப் பெருங்காரணம். மறுநாள் மெல்லத் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் கசியிழையக் கிழிவைக் காட்டும். கால் நிமிராது பூட்டிக்கொண்டால் கிழிந்த துண்டு இடையிற் சிக்கியிருத்தல் கூடும்.

எக்ஸ்-கதிர்ப் படம் யாருக்கு வேண்டும்? கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர் 1995இல் ஐந்து குறிகளை வகுத்தனர்:

1. அகவை 55 அல்லது அதற்கு மேல்.
2. சில்லில் மட்டும் அழுத்த நோவு.
3. கணைக்கால் வெளியென்பின் தலையில் நோவு.
4. முழங்காலை 90 பாகை மடிக்க இயலாமை.
5. காயமுற்றவுடனும் வைத்தியசாலையிலும் நான்கு அடி நடக்க இயலாமை.

இவற்றுள் ஒன்றேனும் இருப்பின் படம் எடுத்தல் வேண்டும். ஆயினும், படம் என்பையே காட்டும், நாரைக் காட்டாது. "முறிவில்லை" என்ற சொல்லைக் கேட்டு மறுவாரமே மைதானம் புகுவோர் பலர். இதுவே பெருங்கேடு. முழங்காலைச் சற்றே மடித்துக் கணைக்காலை முன்னிழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையால் வைத்தியர் நாரின் நிலையை அறிவர். முதல் நாளில் நோவும் வீக்கமும் உண்மையை மறைக்குமாதலின், சில நாட்களின் பின் மீண்டும் காட்டுதல் அவசியம்.

முதலுதவி எளிது. ஆட்டத்தை உடனே நிறுத்துக. துணியிற் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிடம் வைத்து, மீள்தன்மையுள்ள பட்டியால் அளவாகக் கட்டிக் காலை உயர்த்துக. எண்ணெய் பூசி உருவுதலும், காலைப் பிடித்து இழுத்தலும் அந்நாட்களில் ஆகா, உட்கசிவு பெருகும். மூட்டு விலகியிருப்பினும், பாதம் குளிர்ந்து வெளிறி மரத்துப்போயினும், நாடி பழுதுற்றிருக்கலாம். சில மணி நேரத் தாமதமும் காலைப் போக்கும். இலவசச் சுவசெரிய வண்டியை 1990 என்ற இலக்கத்தில் அழைத்து, கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கோ களுபோவிலைக்கோ விரைக.

பின்னர் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியே மருந்து. இந்திய வீரர் ரவீந்திர ஜடேஜா 2022 செப்டெம்பரில் முழங்காற் சத்திரசிகிச்சை பெற்றார். 2023 சனவரியில் சென்னையில் உள்நாட்டுப் போட்டியொன்றில் ஆடிப் பார்த்த பின்னரே, பெப்ரவரியில் நாக்பூர் டெஸ்டில் இறங்கி முதல் நாளில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். முற்குறுக்கு நாரைப் புதிதாக அமைத்தோர்க்கோ ஒன்பது மாதமேனும் பொறுத்தல் நன்று.

ஆசிரியரும் அணித்தலைவரும் இதனை மனங்கொள்வாராக. கேடயம் ஆண்டுதோறும் வரும், முழங்கால் இரண்டே.