கோப்பைப் போட்டியைப் படமெடுக்கச் செல்வோருக்கு

காந்திகிராமம், அம்பாத்துரை, சின்னாளபட்டி வட்டாரத்துச் செம்மண் மைதானங்களில் ஊர் அணிகள் மோதும் நாக் அவுட் ஆட்டங்களில், அதாவது தோற்ற அணி அத்துடன் வெளியேறும் கால்பந்துப் போட்டிகளில், எடுத்த படங்கள் கலங்கியும் முகங்கள் இருண்டும் போவது பலருக்கும் நேரும் தொல்லை.

1. மாலை ஆட்டமெனில் மேற்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கவும். வெயில் முதுகுப்புறம் இருப்பதால் ஆட்டக்காரர் முகம் தெளிவதுடன், கிழக்கே சிறுமலையும் பின்புலமாக அமைந்து, படம் எந்த மண்ணில் எடுக்கப்பட்டது என்பதைக் காட்டிவிடும்.

2. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே புகும் நேரத்தை, 1/1000 நொடியாக வைக்கவும்; இதைவிட மெதுவானால் உதைக்கும் கால் கலங்கிவிடும். வெளிச்சம் மங்கும்போது ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர் அளவை உயர்த்தலாமே தவிர வேகத்தைக் குறைக்க வேண்டாம். ஐஎஸ்ஓ உயர்ந்ததால் புள்ளி விழுந்த படத்தைப் பின்னர் ஓரளவு சீராக்கலாம், கலங்கிய முகத்தை மீட்பது கடினம்.

3. மைதானத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம். செம்மண் தூசி உள்ளே படிந்து படந்தோறும் கறையாகும்.

4. கோல் விழுந்ததும் கேமராவைத் தாழ்த்த வேண்டாம். அடித்தவரைத் தோழர்கள் தோளில் தூக்குவதும், கோல்கீப்பர் கையுறையால் தரையை அறைவதும் அதன் பிறகுதான் நிகழும், ஆட்டத்தின் சிறந்த படங்கள் பெரும்பாலும் அவையே.

5. பேட்டரியை மிச்சம் வைக்கவும். சமநிலையில் முடிந்தால் பெனால்டி உண்டு.

ஆட்டத்துக்கு முன்பே அணி மேலாளரிடம் சட்டை எண்ணுடன் பெயர்ப் பட்டியலைப் பெற்றுக்கொண்டு, படங்களைப் பெயரோடு அன்றிரவே இரு அணிகளுக்கும் அனுப்பிவிடவும். இத்தகைய ஆட்டங்களுக்குச் செய்தியாளர் வருவது அரிது.