மாமனார் பெயரில் கான்ட்ராக்ட், மருமகன் கையில் பவர்

கேள்வி: என் மாமனார் பொதுப்பணித் துறையில் பதிவு பெற்ற கான்ட்ராக்டர். வயது 67. பதிவு, பான், ஜி.எஸ்.டி. எல்லாம் அவருடைய தனிப் பெயரில்தான். சில வருடங்களாக சைட் முழுவதையும் நான்தான் பார்க்கிறேன். இப்போது ஒரு அரசுப் பள்ளிக் கட்டடமும் ஒரு சுற்றுச்சுவர் வேலையும் நடக்கின்றன. அடுத்த மாதம் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன். எனக்கு ஜெனரல் பவர் எழுதித் தருவதாகச் சொல்கிறார். அதை வைத்து டெண்டர் போடலாமா? செக்கில் கையெழுத்துப் போடலாமா? நோட்டரி பவர் போதுமா? அவருக்குப் பிறகும் தொழிலை நான் தொடர முடியுமா? பள்ளிக் கட்டட வேலையில் என் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் போட்டிருக்கிறேன். மைத்துனர் துபாயில் இருக்கிறார்.
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவருக்குப் பிறகு அந்தப் பவரை வைத்து நீங்கள் எதையும் தொடர முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்த உடனேயே பவரும் முடிந்துவிடும். இது பலருக்கும் தெரியும். அவர் சித்தசுவாதீனம் இழந்தாலும் பவர் முடிந்துவிடும் என்று அதே பிரிவு சொல்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆபரேஷன் மேஜையில் மயக்க மருந்தில் இருக்கும் சில மணி நேரத்தைச் சொல்லவில்லை. நினைவு திரும்பாமல் நாள்கணக்கில் கிடக்க நேர்ந்தால், பவர் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் அது ஆட்டம் காணும். கொடுத்தவர் நினைவிழந்த பிறகும் செல்லுபடியாகும் பவர் சில வெளிநாடுகளில் உண்டு. நம் சட்டத்தில் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலர் நியமனம் கேட்க வேண்டும். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியைப் பாதுகாவலராக சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் நியமித்திருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி மனுப் போட வேண்டி வந்தால், மனுதாரராக உங்களைவிட மாமியாரே பொருத்தமானவர்.

பவரால் நீங்கள் கான்ட்ராக்டர் ஆகிவிட மாட்டீர்கள் என்பதையும் மனதில் வையுங்கள். கான்ட்ராக்டர் உங்கள் மாமனார். நீங்கள் அவருடைய ஏஜென்ட். வேலை தாமதமானால் அபராதம் அவருக்கு. சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் இழப்பீட்டுக்கு அவர் பொறுப்பு. ஜி.எஸ்.டி. பாக்கி அவர் பானில் ஏறும். கடன் தீர்க்கும் தகுதிக்கான சால்வன்சி சான்றுக்குக் காட்டியதும் அவர் சொத்தாகத்தான் இருக்கும். வேலை முடிந்து வாங்கும் அனுபவச் சான்றும் அவர் பெயரில்தான் வரும். எத்தனை வருடம் வெயிலில் நின்றீர்கள் என்று எந்த டெண்டர் கமிட்டியும் கேட்கப் போவதில்லை. பவர் மூலம் சொத்து கைமாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், குடும்பத்தார் தங்கள் காரியங்களைப் பார்த்துக்கொள்ள உண்மையாகவே கொடுத்துக்கொள்ளும் பவருக்குத் தடையில்லை என்றும் சொன்னது. உங்கள் பவர் அந்த இரண்டாவது வகை. அந்த எல்லைக்குள் அது நன்றாகவே பயன்படும்.

டெண்டர் போடலாம். பவரில் அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். துறையும் ஏற்க வேண்டும். பவரின் நகலைக் கடிதத்துடன் செயற்பொறியாளர் அலுவலகத்திலும், பதிவு கொடுத்த அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உதவிப் பொறியாளரிடம் வாயால் சொல்லிவைப்பது போதாது. அவர் மாறுதலில் போனால் அந்தச் சொல்லும் கூடவே போய்விடும். ஆன்லைன் டெண்டருக்கு மாமனாரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் பின் நம்பரையும் நீங்களே வைத்துக்கொண்டு பயன்படுத்துவது ஊரெங்கும் நடக்கிற வழக்கம்தான். ஆனால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கடமையை அவர்மேல்தான் சுமத்துகிறது. உங்கள் பெயரில் ஒரு டோக்கன் வாங்கி, அதிகாரம் பெற்ற நபராகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேலையின் அளவைப் பதியும் எம் புக்கிலும் இதே கதைதான். அளவை ஒப்புக்கொண்டு கான்ட்ராக்டர் கையெழுத்துப் போடும் இடத்தில், மாமனாரின் கையெழுத்தை அப்படியே போட்டுப் பழகியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அவர் சம்மதத்தோடுதான் போட்டீர்கள் என்றாலும், பிறகு தகராறு வந்தால் அது போலிக் கையெழுத்தாகத்தான் பேசப்படும். உங்கள் கையெழுத்தையே போட்டு, கீழே ‘இன்னாருக்காக, அவருடைய பவர் ஏஜென்ட்’ என்று எழுதி, பவரின் தேதியையும் குறிப்பிடுங்கள்.

செக் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ‘தொழிலை நடத்தலாம், வரவு செலவு பார்க்கலாம்’ என்ற பொதுவான வரியை மட்டும் வைத்து உண்டியலில்கூட அவருக்காக ஏற்புக் கையெழுத்துப் போட முடியாது என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. எனவே கணக்கு எண், வங்கிக் கிளை, செக்கில் கையெழுத்திடும் அதிகாரம் மூன்றும் பவரில் இருக்கட்டும். வங்கியின் சொந்தப் படிவத்திலும் மாமனார் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஏஜென்டாகக் கையெழுத்திடுகிறேன் என்று காட்டாமல் போட்டால் தனிப்பட்ட பொறுப்பு உங்கள்மேல் வரலாம் என்பது 28-ஆம் பிரிவு. செக் அவர் கணக்கைச் சேர்ந்தது என்பதால், கம்பிக் கடைக்காரருக்குக் கொடுத்தது திரும்பினால் நோட்டீஸ் மாமனார் பெயருக்கு வரும். அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. நெஞ்சில் தையலோடு இருப்பவரை அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கணக்கில் பணம் இல்லாதபோது பின்தேதியிட்ட செக் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நோட்டரி பவர் போதுமா என்றால், தொழில் நடத்த மட்டும் என்றால் சட்டப்படி போதும். நிலம், வீடு என்று அசையாச் சொத்து பற்றிய அதிகாரம் ஒரு வரி இருந்தாலும் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். என் யோசனை, சொத்தை அதில் தொடவே வேண்டாம். ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர் எழுதிய பத்திரத்தை, ‘அப்போது அவருக்கு நிதானம் இல்லை’ என்று நாளைக்கு யாரும் கிளப்பலாம். சார்பதிவாளர் முன் அவரே வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது அப்போது கைகொடுக்கும். வங்கிக் கடன் வாங்கவும் ஜாமீன் நிற்கவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நீங்களே எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தில் நம்பிக்கை வரும்.

இனி உங்கள் மனைவியின் நகைக்கு வருகிறேன். பவரில் ‘ரத்து செய்ய முடியாதது’ என்று எழுதிக்கொண்டால் பணத்துக்குப் பாதுகாப்பு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த வார்த்தையால் மட்டும் ஒன்றும் ஆகாது. ஏஜென்சிக்கு உட்பட்ட சொத்திலேயே ஏஜென்டுக்கு உரிமை இருந்தால்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு காப்பாற்றும். செலவுக்குக் கைப்பணம் போட்டது அதில் சேராது. ஏஜென்ட் தொழிலுக்காகப் போட்ட பணத்தைத் தன் கைக்கு வரும் வசூலில் பிடித்துக்கொள்ள 217-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்குக் கணக்கு வேண்டும். அடகு ரசீது, எந்தத் தேதியில் எந்தச் செலவுக்குப் போனது என்ற விவரம், மாமனார் கையெழுத்திட்ட ஒரு கடன் ஒப்புகை, இவை மூன்றும் இன்றே தயாராகட்டும். முடிந்தால் பணத்தை அவர் வங்கிக் கணக்கு வழியாகவே போடுங்கள்.

உங்கள் மாமனார் காலமானால் பில் பணமும் டெபாசிட்டும் வாரிசுகளுக்குப் போகும். மாமியார், உங்கள் மனைவி, மைத்துனர் எல்லாரும் வாரிசுகள். மருமகன் வாரிசு இல்லை. கேட்டால் கணக்குக் காட்டும் கடமை ஏஜென்டுக்கு உண்டு, அவர்கள் கேட்பார்கள். வார்த்த கான்கிரீட் காயாமல் நனைத்து வைப்பது, சைட்டில் உள்ள சிமென்ட்டைக் காப்பது போன்ற பாதுகாப்பு வேலைகளை ஒப்பந்தச் சட்டத்தின் 209-ஆம் பிரிவு செய்யச் சொல்கிறது. மரணம் தெரிந்த பிறகு பவரை வைத்து வங்கியில் பணம் எடுப்பது அதில் வராது. இறந்தது தெரியாமல் நல்லெண்ணத்தோடு செய்த ஏஜென்டுக்குத்தான் பவர் பத்திரச் சட்டம், 1882 பாதுகாப்புத் தருகிறது. ஒரே வீட்டில் இருக்கும் மருமகன் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஆகவே நடக்கிற இரண்டு வேலைக்கும் பவரை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் வேலைகளுக்கு மாமனார், நீங்கள், உங்கள் மனைவி மூவரும் சேர்ந்து பங்குதாரர் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து, அதன் பெயரில் துறைப் பதிவுக்கு மனுப் போடுங்கள். இரண்டு பேர் மட்டும் வேண்டாம். இருவரில் ஒருவர் இறந்தால் மிஞ்சிய ஒருவரை வைத்துக் கூட்டு கிடையாது, நிறுவனம் கலைந்துவிடும். மூவர் இருந்து, ஒருவர் மறைந்தாலும் நிறுவனம் தொடரும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் தொடரும். மாமனாரின் பழைய அனுபவத்தை நிறுவனத்துக்கு எந்த அளவு எடுத்துக்கொள்வார்கள் என்பது அந்தந்த டெண்டர் நிபந்தனையைப் பொறுத்தது. புது நிறுவனம் என்றாலும் அதில் சேர்ந்தவர்களின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும் என்று நியூ ஹொரைசன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துக் கேட்க இடம் இருக்கிறது.

பவர் பதிவானதும் அதன் நகலையும் கடன் ஒப்புகையின் நகலையும் துபாயிலிருக்கும் மைத்துனருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மாதம் ஒருமுறை வங்கி ஸ்டேட்மென்டையும் அனுப்புங்கள். சட்டம் இதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.