இணையத்தின் வழிக் காலம் அறிதல்

காலத்தை அளந்தறிதல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டில், பாசறையிலே நீர்க்கன்னல் கொண்டு நாழிகை அளப்போர் அரசனுக்குப் பொழுது அறிவிக்கும் செய்தி வருகின்றது. அவர்களைப் பொய்யாதவர் என்றே புலவர் சிறப்பிக்கின்றார். காலம் உரைப்போர்க்கு முதற்கண் வேண்டுவது அப்பண்பேயாம். இந்நாளில் கணிப்பொறியும் கைப்பேசியும் இணையத்தை வினவிக் காலம் அறிகின்றன. வினவப்படும் இடம் பொய்யாததா, வினவும் முறை பிழையற்றதா என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

கணிப்பொறியினுள்ளே கடிகாரம் இருக்க, இணையத்தை வினவுவது எற்றுக்கு எனின், கூறுதும். அக்கடிகாரம் சிறியதொரு படிகத்தின் அதிர்வைக் கொண்டு இயங்குவது. வெப்பம் மாறுந்தோறும் அதிர்வும் சிறிது மாறும். நாளொன்றுக்கு ஒரு விநாடி பிழைப்பினும், திங்களொன்றில் அரை நிமிடமாகும். அன்றியும், பொறியை உடையார் வேண்டியவாறு அதனை முன்னும் பின்னும் தள்ளவும் இயலும்.

இப்பிழை சிறிதென்று இகழற்பாலதன்று. நம் விருதுநகர் மாவட்டத்தார் 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை மறவார். இத்தகைய இடர்களை ஆராய்வோர் வினவுவது, எது முன், எது பின் என்பதே. வாயிற்பதிவும், கண்காணிப்புக் காமிராவும், தீயணைப்பு நிலையத்திற்குச் சென்ற தொலைபேசி அழைப்பும் வெவ்வேறு கடிகாரங்களைச் சார்ந்தன எனக் கொள்வோம். காமிரா நான்கு நிமிடம் முந்தி ஓடுமாயின், அழைப்பிற்கு முன் நிகழ்ந்தது பின் நிகழ்ந்ததாகத் தோன்றும். ஓர் ஏழைத் தொழிலாளியின்மேற் பழி ஏறுவதும் நீங்குவதும் அந்நான்கு நிமிடத்தில் அடங்கிவிடக் கூடும்.

இனி, நாட்டிற்குக் காலம் உரைப்பவர் யாவர் எனக் காண்போம். 1792-இல் சென்னையில் அமைந்த வானாய்வுக்கூடம் கணித்த நேரம், பிற்காலத்தில் தந்தி வழியே புகைவண்டி நிலையங்கள் பலவற்றிற்கும் சென்றது. அது கிரீனிச் நேரத்திற்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906-இல் கிழக்கு 82½ பாகைக் கோட்டை ஒட்டி, ஐந்தரை மணி முந்திய இந்தியப் பொதுநேரம் வழக்கிற்கு வந்தது. இன்று அதனைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக்கடிகாரங்களாற் காத்து, இணையத்தின் வழியும் வழங்குகின்றது. 2022 ஏப்ரல் 28-இல் சர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்பு, நிறுவனங்கள் தம் கணிப்பொறிகளை இவ்வாய்வகத்தின் சர்வர்களோடேனும், தேசியத் தகவலியல் மையத்தின் சர்வர்களோடேனும், அவற்றை அடியொற்றிய சர்வர்களோடேனும் இசைக்க வேண்டுமெனப் பணித்தது.

வினவுமிடம் நன்றாயினும், விடை வந்து சேரக் காலம் கழிகின்றதே! சிவகாசியில் தொலைவிலே வாணம் வெடிக்குங்கால், ஒளி முன்னும் ஓசை பின்னும் வருதலை யாவரும் அறிவோம். ஒரு கிலோமீட்டர் கடக்க ஓசைக்கு ஏறத்தாழ மூன்று விநாடி வேண்டும். ஓசை கேட்ட கணமே வெடித்த கணம் என்பான் பிழைபடுவான். இணையச் செய்தியும் அத்தகையதே.

இதற்கு அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்த முறை என்.டி.பி. எனப்படும், அது 1985-இல் வெளியாயிற்று. அது நான்கு நேரங்களைக் குறிக்கும். நம் பொறி சரியாகப் பத்து மணிக்கு வினவுகின்றது எனக் கொள்க. சர்வர் தன் கடிகாரப்படி பத்து மணிக்கு மேல் 2.040 விநாடியில் அதனைப் பெற்று, 2.050-இல் விடை விடுக்கின்றது. விடை நம் கடிகாரப்படி 0.090-இல் வந்தடைகின்றது. மொத்தம் 90 மில்லி விநாடியுள் சர்வர் தாழ்த்த 10 போக, வழிச்செலவு 80. போக்கும் வரவும் ஒத்தன எனின், ஒவ்வொன்றும் 40. ஆகவே நம் கடிகாரம் சரியாக இரண்டு விநாடி பின்தங்கியுள்ளது. போக்கும் வரவும் ஒவ்வாவிடின், பிழை 40 மில்லி விநாடி வரை செல்லும். கணக்கிற்கு எல்லை இதுவென அறிதலும் அறிவேயாம்.

நிரல் எழுதுவோர் மனங்கொள்ள வேண்டுவன சில உள. வலைப்பக்கத்தோடு வரும் தேதிக்குறிப்பு முழு விநாடியையே காட்டுமாதலின், நுண்ணிய வேலைக்கு உதவாது. ஒரு சர்வரை மட்டும் நம்பின் அது பிழைத்ததை அறியோம். இரண்டு முரணின் எது மெய் எனத் தெளியோம். ஆதலின் நான்கேனும் வினவுதல் நன்று. இடையிற் புகுந்து பொய்விடை தருவோரைத் தடுக்க, 2020-இல் வெளியான என்.டி.எஸ். என்னும் பாதுகாப்பு முறை, விடை இன்னாரிடமிருந்தே வந்தது எனச் சான்று காட்டும். ஓடும் கடிகாரத்தைத் திடீரெனப் பின்னுக்கு இழுப்பின் பதிவுகள் முன்பின்னாகும். மெல்ல மெல்லத் திருத்துக. பதிவுகளை உலகப் பொதுநேரத்தில் வைத்து, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி கூட்டுக.

நீர்க்கன்னல் போய் அணுக்கடிகாரம் வந்தது. ஆயினும் கருவியின் நுண்மை மாத்திரம் போதாது. தக்காரை வினவி, பலரோடு ஒப்பிட்டு, தன் பிழையின் எல்லையையும் உரைப்பதே பொய்யாக் காலமாகும் என்க.