வீட்டு நிலமும் பொது நலமும்
வோபான் குடியிருப்பு கற்பிக்கும் கூட்டுறவுப் பாடம்

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் அங்கத்தினர்களின் நினைவுக்கு வருவன நூல், சாயம், விதை, உரம், கடன், விற்பனை ஆகியவையே. குடியிருக்கும் வீட்டையும் அது நிற்கும் நிலத்தையும் கூட்டுறவோடு சேர்த்து எண்ணுவோர் நம்மிடையே சிலரே. ஆனால் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீட்டுக்காகவே செய்யப்படுகிறது. நூல் வாங்குவதில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் வீட்டு வாடகையில் கரைந்து போகுமானால், சங்கத்தால் விளைந்த பயன் எங்கே நிற்கும்? ஆகையால் இந்தப் பாடத்தில், நகரமொன்றில் மக்கள் சேர்ந்து, எரிபொருளையும் நீரையும் நிலத்தையும் சிக்கனமாகச் செலவிடும் குடியிருப்பை எவ்வாறு அமைத்தார்கள் என்பதைக் கவனிப்போம். அவர்கள் வென்ற இடத்தையும் தடுமாறிய இடத்தையும் ஒருங்கே பார்ப்பதே படிப்புக்கு அழகு.

நாம் எடுத்துக்கொள்ளும் இடம் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள பிரைபுர்க் நகரைச் சேர்ந்த வோபான் என்னும் பகுதி. கூட்டுறவாளர்களாகிய நமக்கு ஜெர்மனி அயல் வீடன்று. சென்னை மாகாண அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பிய நாணயச் சங்கங்களை ஆராயும்படி பணித்தது. அவர் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகள், ஜெர்மனியில் ரைபைசன் தோற்றுவித்த கிராமச் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டின. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டத்திற்கு வழிகோலியவற்றுள் அவ்வறிக்கைகளும் அடங்கும். கடனுக்கு அங்கே பாடம் கேட்ட நாம், வீட்டுக்கும் கேட்பதில் தவறில்லை.

1. இடமும் வரலாறும்

பிரைபுர்க் கறுங்காட்டு மலைகளின் அடிவாரத்தில் உள்ள பல்கலைக்கழக நகரம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1970-களில் அதன் அருகேயுள்ள வீல் என்னும் கிராமத்தில் அணுமின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டார்கள். நிலையத்திலிருந்து எழும் நீராவியும் மூடுபனியும் தங்கள் கொடிகளைக் கெடுக்கும் என்று திராட்சை பயிரிடுவோர் அஞ்சினர். 1975-ஆம் ஆண்டு பயிரிடுவோரும் நகரத்தாரும் மாணவரும் சேர்ந்து அந்த இடத்தில் புகுந்து அமர்ந்துகொண்டார்கள். நிலையம் கட்டப்படவே இல்லை. 'இந்த மின்சாரம் வேண்டாம்' என்று சொன்ன மக்களுக்கு, 'அப்படியானால் குறைந்த எரிபொருளில் வாழ்வது எப்படி?' என்ற கேள்விக்கு விடை தேடும் கடமையும் வந்து சேர்ந்தது. அவ்விடைகளில் ஒன்றுதான் வோபான்.

வோபான் முன்னாளில் படைவீரர் பாளையம். 1930-களில் ஜெர்மன் படைக்காகக் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுப் படை அதில் தங்கியிருந்தது. கோட்டை கட்டுவதில் வல்லவரான பிரெஞ்சுத் தளபதி வோபானின் பெயரையே பாளையத்துக்கு இட்டார்கள். 1992-இல் அப்படை வெளியேறிற்று. ஏறத்தாழ 40 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் 100 ஏக்கர் நிலம், நகரின் விளிம்பில் வெறுமையாயிற்று. அதன் பெரும்பகுதியை மத்திய அரசாங்கத்திடமிருந்து நகரசபை விலைக்கு வாங்கிற்று. இன்று அங்கே சுமார் 5,500 பேர் வாழ்கிறார்கள்.

2. நிலம் யாருக்கு?

நகரசபை அந்நிலம் முழுவதையும் ஒரே பெரிய வியாபாரியிடம் விற்றிருக்கலாம். வேலையும் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அவ்வாறு செய்யவில்லை. நிலத்தைச் சிறு சிறு மனைகளாகப் பிரித்து, அவற்றுள் பலவற்றைக் 'கட்டுங்குழு' என்று நாம் சொல்லத்தக்க சிறு கூட்டங்களுக்கு முன்னரே குறித்த விலையில் கொடுத்தது. வீடு வேண்டிய சில குடும்பங்கள் ஒன்று சேரும், தாமே கட்டடக் கலைஞரை அமர்த்தும், தாமே திட்டம் வகுக்கும், செலவைப் பகிர்ந்துகொள்ளும். இடையில் வியாபாரியின் இலாபம் இல்லை. குடிபுகுமுன்பே அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் நன்மையும் இதனால் கிட்டியது. மாதக்கணக்கில் கூடிப் பேசி, படிக்கட்டு எங்கே, தோட்டம் எங்கே என்று வாதாடித் தீர்த்தவர்கள், பின்னர் குப்பைத் தொட்டிக்காகச் சண்டையிடுவது அரிது.

இக்குழுக்களோடு ஜெனோவா என்ற பெயரில் முறையான வீட்டுக் கூட்டுறவுச் சங்கமொன்றும் 1997-இல் அமைந்து, எழுபதுக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டிற்று. பழைய பாளையக் கட்டடங்கள் சிலவற்றைச் செப்பனிட்டு மாணவர் விடுதியாக்கினார்கள். வேறு சில கட்டடங்களைக் குறைந்த வருவாயினர் தாமே உழைத்துக் குடியிருப்பாக மாற்றிக்கொண்டனர்.

பொதுமக்களின் கருத்தைத் திரட்ட 1994-இல் 'போரம் வோபான்' என்னும் சங்கம் தோன்றிற்று. நகரசபை அதனை 1995-இல் குடிமக்களின் பிரதிநிதியாக ஏற்றுக்கொண்டது. திட்டம் அதிகாரிகளின் அறையில் முடிவாகி மக்களுக்கு அறிவிக்கப்படுவதும், மக்கள் கூட்டத்தில் விவாதிக்கப்பட்டு அதிகாரிகளிடம் செல்வதும் ஒன்றல்ல. வோபானில் இரண்டாவது வழிக்கும் இடம் இருந்தது.

3. கம்பளியின் தத்துவம்

இனி வீடுகளின் அமைப்பைப் பார்ப்போம். குளிர் நாட்டில் வீட்டுக்கு வேண்டிய எரிபொருளில் பெரும்பங்கு அறையைச் சூடாக்கவே செலவாகிறது. அங்கு எல்லா வீடுகளுக்கும் நகரசபை ஒரு வரம்பு விதித்தது: ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு ஆண்டொன்றுக்கு 65 யூனிட்டுக்கு மேல் சூடேற்றச் செலவாகலாகாது. 'செயலின்றிச் சூடு காக்கும் வீடு' என்னும் உயர்ந்த வகைக்கு வரம்பு 15 யூனிட்டே. 80 சதுர மீட்டர் வீடொன்றை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். முதல் வரம்புப்படி ஆண்டுக்கு 5,200 யூனிட்; இரண்டாவதன்படி 1,200 யூனிட். ஒரு லிட்டர் எரியெண்ணெய் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் தரும். ஆகவே 520 லிட்டர் எரிக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் 120 லிட்டர் எரிக்கும் வீடு நிற்கிறது. எஞ்சிய 400 லிட்டரின் விலை ஆண்டுதோறும் அக்குடும்பத்தின் கையிலேயே தங்குகிறது.

இது எவ்வாறு இயலும்? நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றே உடலின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அவ்வாறே சுவரின் வெளிப்புறத்தில் காற்றை அடக்கிய தடித்த உறையைப் போர்த்துகிறார்கள். சாளரங்களுக்கு மூன்று கண்ணாடிகளை இடைவெளி விட்டுப் பொருத்துகிறார்கள். அறையினின்று வெளியேறும் காற்றின் வெப்பத்தை, உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றித் தரும் கருவியும் உண்டு. வீடுகளைத் தனித்தனியே கட்டாமல் பொதுச் சுவரோடு வரிசையாக, பெரும்பாலும் நான்கு மாடிக்கு மிகாமல் எழுப்பினர். குளிர்காலச் சூரியன் புகுமாறு பெரிய சாளரங்களைத் தெற்கு முகமாக அமைத்தனர். பல மாடி வீடுகளை இந்த உயர்ந்த வகையில் கட்டும் முயற்சி 1999-இல் இங்கே நிறைவேறிற்று.

எஞ்சிய வெப்பத்துக்கு வீடுதோறும் அடுப்பில்லை. மரச் சீவல்களை எரிக்கும் பொது நிலையத்திலிருந்து குழாய் வழியே சுடுநீர் வருகிறது. வோபானை ஒட்டி ரோல்ப் டிஷ் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த 59 வீடுகளின் கூரை முழுவதும் சூரிய மின்தகடுகளே. அவ்வீடுகள் ஓராண்டில் தாம் செலவிடும் சக்தியைவிட அதிகமாக ஆக்கித் தருகின்றன.

வெயில் மிகுந்த நாட்டில் இந்த உறைகளையும் தெற்குச் சாளரங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. அங்கே வெயிலை உள்ளே அழைக்கிறார்கள். நாம் வெளியே நிறுத்த வேண்டியவர்கள். எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றே: கருவி வாங்குமுன் சுவரையும் கூரையையும் திசையையும் சரி செய்வது.

4. வீதியும் நீரும்

அம்மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் நிறுத்துமிடம் அமைத்தல் வேண்டும். காரே வைத்திராத குடும்பமும் அதற்குப் பணம் கொடுக்க நேரும். வோபான் மக்கள் சட்டத்தை மீறாமலே இதற்கு ஒரு வழி கண்டார்கள். கார் இல்லாதோர் தனிச் சங்கமாகச் சேர்ந்து, சிறு தொகை கொடுத்து, பின்னாளில் தேவைப்பட்டால் நிறுத்துமிடம் கட்டுவதற்கென்று ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்தனர். கார் இல்லை என்பதை எழுத்து மூலம் உறுதி கூறினர். ஒதுக்கிய நிலம் கட்டடமின்றித் திறந்த வெளியாகவே இருக்கிறது. கார் உடையோர் குடியிருப்பின் விளிம்பிலுள்ள அடுக்கு நிலையத்தில் தனி விலை கொடுத்து இடம் வாங்க வேண்டும். வீட்டு வாசலில் சாமான் இறக்கலாம். வண்டியை நிறுத்தி வைக்கலாகாது.

இதன் பயனாக, வோபானில் ஆயிரம் பேருக்கு இருநூறுக்கும் குறைவான கார்களே உள்ளன. உள் வீதிகளில் வண்டிகள் நடை வேகத்தில் செல்ல, குழந்தைகள் விளையாடுகிறார்கள். 2006-இல் டிராம் பாதை குடியிருப்பின் நடுவே வந்தது. அதன் தண்டவாளங்களுக்கிடையே புல் வளர்த்திருக்கிறார்கள்.

மழைநீரைச் சாக்கடையில் விடுவதில்லை. புல் வளர்ந்த ஆழமற்ற வாய்க்கால்களில் தேக்கி மண்ணுக்குள் இறங்கச் செய்கிறார்கள். பாளையத்தின் பழைய பெருமரங்களை வெட்டாமல் காத்தனர். இடிக்க இருந்த பாளையக் கட்டடமொன்றை மக்கள் போராடிக் காத்துச் சமூக மன்றமாக்கினர். அதன் முன்னுள்ள சதுக்கத்தில் வாரச் சந்தை கூடுகிறது. சுற்றுப்புறத்துப் பயிரிடுவோர் காய்கனிகளை அங்கே நேரே விற்கிறார்கள். நகரத்துக் குடியிருப்பு உழவருக்கும் பயன்படக்கூடும் என்பதற்கு இது சான்று.

5. தடுமாறிய இடங்கள்

நிற்க. குறைகளையும் சொல்ல வேண்டும். போரம் வோபான் சங்கம் ஐரோப்பிய மானியம் பெற்றே தன் பணிகளில் பலவற்றைச் செய்தது. அம்மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டபோது, கொடுக்க வழியின்றி 2004-இல் சங்கம் நொடித்துப் போயிற்று. வேறொரு சங்கம் அதன் பணியை ஏற்றுக்கொண்டது. வெளியார் பணத்தை நம்பி நிற்கும் சங்கம், எத்துணை நல்ல காரியம் செய்தாலும், தன் சேமநிதியைப் பெருக்காவிடில் ஒரே நாளில் சாய்ந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. அரசாங்க உதவி சுருங்கியதால், ஏழைகளுக்கென எண்ணிய அளவு வீடுகள் எழவில்லை. வந்து சேர்ந்தவர்களில் படித்த நடுத்தரக் குடும்பத்தாரே மிகுந்தனர். குடியிருப்பு நற்பெயர் பெறப் பெற அதன் வீட்டு விலையும் ஏறிற்று. கட்டுங்குழுவில் கட்டியவர், வீடு தனி உடைமையாதலால், ஏறிய விலைக்கு விற்கலாம். அவர் இலாபம் அடைவார். அடுத்து வருபவர் வசதி படைத்தவராகவே இருப்பார். பொது முயற்சியால், பொது நிலத்தில், பொதுப் பணத்தால் வந்த டிராமினால் உயர்ந்த மதிப்பு, கடைசியில் தனியொருவரின் பைக்குள் விழுகிறது.

இங்கேதான் முறையான கூட்டுறவுச் சங்கத்தின் வேறுபாடு விளங்கும். ஜெர்மன் வீட்டுக் கூட்டுறவில் வீடு சங்கத்தின் உடைமை. அங்கத்தினர் பங்குத் தொகை செலுத்தி, குடியிருக்கும் உரிமை பெற்று, மாதந்தோறும் கட்டணம் கொடுக்கிறார். விட்டுச் செல்லும்போது அவர் பெறுவது தாம் செலுத்திய பங்குத் தொகையே. சந்தை விலை அன்று. வீட்டின் மதிப்பு எவ்வளவு ஏறினும் அது சங்கத்தினிடமே தங்கி, அடுத்த குடும்பத்தின் கட்டணத்தை அடக்கி வைக்கிறது. அங்கத்தினர் தனி இலாபத்தைத் துறக்கிறார். அதற்கு ஈடாக வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சமின்றி வாழ்கிறார். 1889-ஆம் ஆண்டு ஜெர்மன் சட்டம் கூட்டுறவில் வரையறுத்த பொறுப்பை அனுமதித்த பிறகே இத்தகைய சங்கங்கள் பெருகின.

6. பாடத்தின் சுருக்கம்

சுவரைத் தடிப்பாக்கினால் எரிபொருள் மிச்சமாகும். இது கைத்தொழில் அறிவு. வாசலில் வண்டியை விலக்கினால் வீதி குழந்தைகளுக்குக் கிடைக்கும்; இது ஒழுங்கின் பயன். ஆனால் இவ்விரண்டின் நலனும் யாரைச் சேரும் என்பதை முடிவு செய்வது நில உடைமையின் முறையே. அதைச் சரிவர அமைக்காமல் மற்றவற்றை எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும், நல்ல குடியிருப்பு நாளடைவில் செல்வர் குடியிருப்பாக மாறும். மிச்சம் பிடிக்கக் கற்ற சமூகம், பிடித்த மிச்சத்தைக் காக்கவும் கற்க வேண்டும்.

சங்கப் படிப்பு வட்டங்களில் கீழ்க்கண்டவற்றைப் பற்றி அங்கத்தினர்கள் கலந்து பேசலாம்:

1. வீட்டைத் தனி உடைமையாக விற்கும் உரிமை, விலை ஏறாமல் குடியிருக்கும் உரிமை, இவ்விரண்டில் நம் குடும்பங்களுக்கு எது மேலானது? ஏன்?

2. நம் சங்கக் கட்டடத்திலும் தறிக்கூடத்திலும் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது? வெயிலைத் தடுக்கும் கூரையாலும் நிழல் மரத்தாலும் அதில் எவ்வளவைக் குறைக்கலாம்?

3. மானியம் நின்றுவிட்டால் நம் சங்கம் எத்தனை மாதம் தன் காலில் நிற்கும்?

மூன்றாவது வினாவுக்கு விடை சொல்லச் சங்கத்தின் சென்ற ஆண்டு ஐந்தொகையை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவது நன்று. ஊகத்தால் சொல்லும் விடை கூட்டத்தோடு மறைந்துவிடும். கணக்கைப் பார்த்துச் சொல்லும் விடை தீர்மானமாக நிலைபெறும்.