டென்ஷனில் பீரியட்ஸ் தள்ளிப்போகிறதா? முதலில் காலண்டரை எடு

"டென்ஷனாலதான்க்கா வரல" என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். இருக்கலாம். எந்த டென்ஷன், எப்போது வந்தது என்று பார்த்தாயா?

1. பின்னோக்கி எண்ணு. கருமுட்டை வெளியானால் ஏறக்குறைய 14 நாளில் பீரியட்ஸ் வந்துவிடும். சுழற்சியின் அந்தப் பிற்பாதி பெரிதாக மாறாது. இழுத்தடிப்பது முதல் பாதிதான். மனஅழுத்தத்தில் கார்ட்டிசால் ஏறினால், முட்டையை வளர்க்கச் சொல்லி மூளை அனுப்பும் ஹார்மோன் குறையும். ஏப்ரல் 1-ம் தேதி வந்தது, உனக்கு 28 நாள் கணக்கு, 29-ம் தேதி வரவேண்டும் என்று வைத்துக்கொள். இரண்டாவது வாரம் ராப்பகலாக உழைத்ததில் முட்டை பத்து நாள் தாமதமானால், மே 9 வரை வராது. நீயோ மே மாதம் உட்கார்ந்து, "இப்ப நிம்மதியாத்தானே இருக்கேன்" என்று குழம்புவாய்.

2. ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அதைக் குறித்து வை. தினசரிக் காலண்டரில் எழுதாதே, மறுநாள் நீயே கிழித்துப் போடுவாய்! மாதக் காலண்டரோ போனோ போதும். பக்கத்தில் ஒரு வார்த்தை: நைட் ஷிப்ட், பரீட்சை, காய்ச்சல். 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் பதறாதே.

3. கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் முதல் வேலையாக கிட் வாங்கிப் பார். காலை முதல் சிறுநீர் நல்லது. மெடிக்கலில் கேட்க என்ன வெட்கம்?

4. 'வரவைக்கிற மாத்திரை'யை நீயாக வாங்கி விழுங்காதே. பப்பாளியும் எள்ளுருண்டையும் ஆசைக்குச் சாப்பிடு, தேதியை அதனிடம் ஒப்படைக்காதே. டென்ஷன் போதாதென்று சாப்பாட்டையும் குறைத்து ஜிம்முக்கு ஓடுகிறாயே, அதுதான் மோசம். பட்டினியும் அதே ஹார்மோனைத்தான் குறைக்கும். காலை டிபனைத் தவிர்க்காதே.

5. யோகாவுக்கு நேரமில்லை என்பாய், தெரியும். தூங்கி எழும் நேரத்தையாவது மாற்றாதே. சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம்.

மூன்று மாதமாக வரவில்லை, அல்லது வந்தது ஏழு நாளுக்கு மேலும் நிற்கவில்லை என்றால் டென்ஷன் மீது பழிபோட்டுக்கொண்டு இருக்காதே. மணிக்கொரு பேடு நனைந்தால் அன்றைக்கே கிளம்பு. தைராய்டா, புரோலாக்டினா, பிசிஓடியா என்று டாக்டர் பார்க்கட்டும். போகும்போது குறித்து வைத்த தேதிகளைக் கொண்டுபோ, "கடைசியா எப்பம்மா குளிச்சே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.