இலை வாடும் முன்பே கேமராவுக்குத் தெரியுமா?



ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே எல்லா டிபார்ட்மென்ட் லிஸ்டிலும் ஒரு தலைப்பு கட்டாயம் இருக்கும்: "இலையின் படத்தை வைத்துப் பயிரின் பிரச்சினையைக் கண்டுபிடித்தல்". டேட்டாசெட் டவுன்லோட் பண்ணலாம், மாடல் ரெடியா கிடைக்கும், இரண்டு நாளில் ரிசல்ட்டும் வந்துடும். ஆனா அந்தப் படத்தில் கேமரா உண்மையில் எதை அளக்குது? இதற்குப் பதில் தெரியாமல் வைவாவில் தப்பிச்சிடலாம், வயலில் தப்ப முடியாது. வாங்க, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஸ்ட்ரெஸ் என்றால் என்ன?

பூச்சி, பூஞ்சை, வைரஸ் போன்ற உயிரிகளால் பயிருக்கு வரும் தொல்லை ஒரு வகை. தண்ணீர்ப் பற்றாக்குறை, தண்ணீர் தேங்குதல், உப்பு மண், கடும் வெயில், சத்துக் குறைவு ஆகிய சுற்றுச்சூழல் காரணங்களால் வருவது இன்னொரு வகை. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

ஒரு விஷயத்தை இப்பவே மனசுல வெச்சுக்கோங்க. காரணங்கள் பல, ஆனால் இலை காட்டக்கூடிய அறிகுறிகள் சிலதான். மஞ்சளாகும், சுருளும், வாடும், சூடாகும். உப்பு மண்ணில் தண்ணீர் இருந்தாலும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. அந்தச் செடியும் வறட்சியில் இருக்கும் செடி மாதிரியேதான் நடந்துகொள்ளும்.

இலை ஒளியை என்ன செய்கிறது?

பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாக உறிஞ்சும். பச்சையை ஓரளவு திருப்பி அனுப்பும், அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை (சுமார் 700 முதல் 1,300 நானோமீட்டர்) இலை கிட்டத்தட்ட பாதியளவு திருப்பி அனுப்பிவிடும். இலைக்குள் இருக்கும் செல்களுக்கும் காற்று இடைவெளிகளுக்கும் நடுவே அந்த ஒளி சிதறுவதுதான் இதற்குக் காரணம்.

ஆக, ஆரோக்கியமான இலையில் சிவப்பு குறைவு, அண்மை அகச்சிவப்பு அதிகம். பச்சையம் குறைந்தால் சிவப்பு ஏறும். செல் அமைப்பு சிதைந்தாலோ, மொத்த இலைப் பரப்பு குறைந்தாலோ அகச்சிவப்பு இறங்கும். இந்த இரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்குவதுதான் என்.டி.வி.ஐ. 1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களை ஆராய்ந்தபோது பிரபலமான சூத்திரம் இது:

என்.டி.வி.ஐ = (அகச்சிவப்பு − சிவப்பு) ÷ (அகச்சிவப்பு + சிவப்பு)

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? நல்ல பயிர் அகச்சிவப்பில் 50 சதவீதமும் சிவப்பில் 5 சதவீதமும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.45 ÷ 0.55, அதாவது 0.82. சோர்ந்த பயிருக்கு இவை 35, 12 என்றால் 0.23 ÷ 0.47, சுமார் 0.49. அவ்ளோதான்!

உங்க போன் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கும் அண்மை அகச்சிவப்பு தெரியும். ஆனால் படத்தின் நிறம் கெடாமல் இருக்க, அதைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தியே விற்கிறார்கள். இந்த ஃபில்டர் இல்லாத கேமரா மாட்யூல்கள் ராஸ்பெர்ரி பை போர்டுக்குக் கிடைக்கின்றன. ப்ராஜெக்டுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

நிறம் மாறும் முன்பே சூடு ஏறும்

பச்சையம் குறைந்து நிறம் மாற நாளாகும். தண்ணீர்ப் பற்றாக்குறையை அதற்கு முன்பே பிடிக்க வேண்டுமென்றால் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லுன்னு இருக்கு? பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இலையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. மண்ணில் ஈரம் குறைந்தால் செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீராவிப்போக்கு குறைகிறது, இலை சூடாகிறது. கண்ணுக்கு இலை இன்னும் பச்சைப்பசேல்னு தெரியும், ஆனால் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பார்க்கும் தெர்மல் கேமராவுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

வெறும் வெப்பநிலையை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஏனென்றால் வெயில், காற்று, ஈரப்பதம் மாறினால் அதுவும் மாறும். அதனால் 1981-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜாக்சன், இட்சோ குழுவினர் பயிர் நீர் நெருக்கடிக் குறியீடு ஒன்றை முன்வைத்தார்கள். இன்று பலரும் பயன்படுத்தும் எளிய வடிவம் இது:

குறியீடு = (இலை − ஈர இலை) ÷ (உலர் இலை − ஈர இலை)

ஓர் இலையில் தண்ணீர் தெளித்தால் அது 'ஈர இலை'. இன்னோர் இலையின் இரு பக்கமும் வாஸ்லின் தடவி ஆவியாதலை நிறுத்தினால் அது 'உலர் இலை'. இலை 33 டிகிரி, ஈர இலை 29, உலர் இலை 37 என்றால் குறியீடு 4 ÷ 8 = 0.5. பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் செடி நன்றாகக் குடிக்கிறது, 1-ஐ நெருங்கினால் தாகத்தில் தவிக்கிறது.

இங்கேதான் சிக்கல்

தண்ணீர் தேங்கிய வயலில் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அப்போதும் பல செடிகள் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், இலை சூடாகும், குறியீடு ஏறும். உங்க ஆப் "தண்ணீர் பாய்ச்சவும்" என்று சொன்னால் என்ன ஆகும்? மூழ்குகிறவன் தலையில் இன்னொரு குடம் ஊற்றின கதைதான்.

நிறத்துக்கும் இதே சிக்கல் உண்டு. தழைச்சத்து குறைந்தால் கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் மேலே உள்ள இளம் இலைகளில், நரம்பு பச்சையாகவே இருக்க இடைப்பகுதி வெளுக்கும். எந்த இலை மஞ்சளானது என்பதே பாதி விடை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஓர் இலையைப் பறித்து, மேசை மேல் வைத்துப் படம் எடுக்கிறோம். அது செடியின் எந்த இடத்து இலை என்ற தகவலை நாமே தூக்கி எறிந்துவிடுகிறோம்.

இலை நோய்களுக்கான பிளான்ட்வில்லேஜ் டேட்டாசெட் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 54,306 படங்கள், 14 பயிர்கள். 2016-இல் வெளியான ஆய்வில் அதன் மேல் பயிற்சி பெற்ற மாடல் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு இன்னொருவர் அதே படங்களின் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் எடுத்து மாடலைப் பயிற்றினார். இலையே தெரியாமல் 49 சதவீதம் சரியான விடை வந்தது! அதாவது, இலையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே மார்க் வாங்க வழி இருந்திருக்கிறது.

ஓர் அட்டை சொல்லும் பாடம்

நெல் விவசாயிகள் பயன்படுத்தும் 'இலை வண்ண அட்டை'யைப் பார்த்திருக்கீங்களா? அதில் வெவ்வேறு பச்சைப் பட்டைகள் இருக்கும். இலையை அதன் மேல் வைத்து ஒப்பிட்டுத் தழைச்சத்து உரம் போடலாமா என்று முடிவு செய்வார்கள். விலை குறைவு, பேட்டரி வேண்டாம்.

அதன் விதிமுறைகளைக் கவனியுங்க. முழுதாக விரிந்த மேல் இலையை மட்டும் பார்க்க வேண்டும். உடம்பால் நிழல் கொடுத்து, நேர் வெயில் படாமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் பார்க்க வேண்டும். பத்து இலையாவது பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு எல்லை மதிப்பு 3, மற்ற பல ரகங்களுக்கு 4. ஒரு ரகத்துக்குப் போதுமான பச்சை, இன்னொரு ரகத்துக்குப் பசி.

இதை நம்ம மொழியில் சொன்னால்: அளக்கும் இடம் நிலையானது, ஒளி கட்டுப்படுத்தப்பட்டது, சென்சார் மாறாதது, சாம்பிள் போதுமானது, எல்லை மதிப்பு ரகத்துக்கு ஏற்றது. இந்த ஐந்தும் இல்லாத ப்ராஜெக்ட் எவ்வளவு ஆழமான நெட்வொர்க்கை வைத்திருந்தாலும் அந்த அட்டையிடம் தோற்றுவிடும்.

நீங்க செய்து பார்க்க

• ஒரே ரக விதையில் 20 தொட்டிகள் வளருங்கள். 10 தொட்டிகளுக்கு வழக்கமான தண்ணீர், மற்ற 10-க்குக் குறைவு. இடத்தை அடிக்கடி மாற்றி வையுங்கள், இல்லையென்றால் மாடல் ஜன்னலைக் கற்றுக்கொள்ளும்.

• தினமும் தொட்டியை எடை போடுங்கள். எவ்வளவு தண்ணீர் போனது என்று தராசு சொல்வதுதான் உங்கள் உண்மை மதிப்பு. "பார்க்க வாடின மாதிரி இருந்துச்சு" என்பது லேபிள் ஆகாது.

• எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் இரண்டையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு சாம்பல் நிற அளவீட்டு அட்டை இருக்கட்டும்.

• ட்ரெயின், டெஸ்ட் பிரிப்பதைப் படம் வாரியாகச் செய்யாதீங்க, செடி வாரியாகச் செய்யுங்க. ஒரே செடியின் படங்கள் இரண்டு பக்கமும் இருந்தால் அது தேர்வுக்கு முன்பே வினாத்தாள் அவுட் ஆன மாதிரி.

• கடைசியாக, இலையை மறைத்துப் பின்னணியை மட்டும் மாடலுக்குக் காட்டுங்கள். அப்போதும் மார்க் நன்றாக வந்தால், மறுபடி முதலிலிருந்து.

இப்படிச் செய்தால் உங்கள் ரிசல்ட் 99-லிருந்து 80-க்கு இறங்கலாம். பரவாயில்லை. உங்க ஆப் சொல்வதை நம்பி ஒருவர் மோட்டார் போடுவார், உர மூட்டை வாங்குவார். அவருக்கு வேண்டியது ஸ்லைடில் இருக்கும் 99 இல்லை, தன் வயலிலும் நிற்கிற 80.

தொட்டி வாங்கியாச்சா? அடுத்த இதழில் உங்க ரிசல்ட்டை எழுதுங்க, எல்லோரும் படிக்கக் காத்திருக்கிறோம்!