பங்கோர் தீவுக்கு ஒரு குறும்பயணம்: கடலின் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

ஈப்போவிலிருந்து பங்கோர் தீவு கூப்பிடு தூரம்தான். லூமுட் வரை சுமார் 85 கிலோமீட்டர் சாலை, அதன்பின் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஒரு படகுப் பயணம். பக்கத்தில்தானே இருக்கிறது என்று சோற்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, யோசிக்காமல் கிளம்பிவிடுகிறோம். சாலைப் பயணத்துக்கு அது போதும். கடலுக்குப் போதாது.

கிளம்புமுன் வானத்தையும் நீரையும் பார்க்க வேண்டும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை 4 மணிக்கு லயத்து வாசலில் நின்று இருட்டில் கையை நீட்டிப் பார்ப்பார். தூறல் பட்டால் போய் மரப்பட்டையைத் தடவுவார். பட்டை ஈரமாயிருந்தால் அன்று வெட்டு இல்லை. ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் பால் மங்கில் இறங்காது, மரமெங்கும் வழிந்து வீணாகும். ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகுமுன்பே அன்றைய நாள் அவருக்குத் தெரிந்துவிடும்.

கடலும் அப்படித்தான், முன்கூட்டியே சொல்லும். அதைக் கேட்கத் தெரியாமல் ஒருமுறை போனோம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாசி மகத்துக்கு லாரியில் கிளம்பி, லூமுட்டில் படகேறி, பங்கோரில் இறங்கினோம். நீர் நன்றாக வற்றிப்போயிருந்தது. வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் படிகள் வெளியே தெரிந்தன. அவற்றின் மேல் பச்சைப் பாசி. பால்குடத்துக்கு எடுத்துவந்த பித்தளைச் சொம்பை அம்மா நெஞ்சோடு அணைத்திருந்தார். ரப்பர் செருப்பு வழுக்கியது. சொம்பை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கியபடியே படியில் உட்கார்ந்துவிட்டார். சொம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் மூன்று மாதம் வலித்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கடற்பயணமும் கீழே உள்ள ஒன்பது படிகளைத் தாண்டாமல் நடந்ததில்லை.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் பருவம் வேறு. வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரை கொந்தளிக்கும்போது, நடுவே நிற்கும் மலைத்தொடர் பேராக் கடலுக்கு மறைப்பாகிறது. அதனால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பங்கோர் பயணத்துக்கு ஏற்ற காலம். அக்டோபர், நவம்பரில் மாலை நேரத்து இடிமழை அதிகம்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்ற பெயரை நினைவில் வையுங்கள். இரவில் சுமத்ரா தீவின் பக்கம் திரளும் மேகம், வரிசைகட்டி மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ நம் கரையில் அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் பலத்த காற்றும் மழையும் இருக்கும், பிறகு வெளுத்துவிடும். இந்த மாதங்களில் போகக்கூடாது என்பதில்லை. காலை முதல் படகைப் பிடித்தே ஆகவேண்டும் என்று திட்டம் போடாதீர்கள், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் படகுத்துறையில் வரிசை நீளும். முதியவர்களை அழைத்துச் செல்வதென்றால் வாரநாளே நல்லது.

2. நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம்

எங்கள் குடும்பத்துக்கு அன்று தெரியாமல் போனது இதுதான். லூமுட் கடலில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை தள்ளிப்போகும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. அந்தப் படிகள் ஏன் அவ்வளவு வெளியே தெரிந்தன என்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

லூமுட் துறைக்கான ஓத அட்டவணை கைப்பேசியிலேயே கிடைக்கும். பயண நாளுக்கான நான்கு நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மலாய்ப் படகோட்டியிடம் ‘ஆயிர் பாசாங்’ எப்போது, ‘ஆயிர் சூரூட்’ எப்போது என்று கேட்டாலும் சொல்லிவிடுவார். முதியவர்கள் ஏறி இறங்குவதும், பிள்ளைகள் குளிப்பதும் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் அமையட்டும். தெலுக் நிப்பா கடற்கரைக்கு எதிரே உள்ள கியாம் தீவுப் பக்கம் நீர் வற்றும்போது நடந்து போகிறவர்கள் உண்டு. போனால், நீர் திரும்ப ஏறத் தொடங்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

3. கடைசிப் படகிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் அன்றைய கடைசிப் படகு எப்போது என்று படகுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு படகு முந்தியதே உங்கள் படகு. கடைசிப் படகு, ஏதாவது தவறிவிட்டால் கைகொடுக்க. அங்கிருந்து பின்னால் வாருங்கள்: துறைக்கு 45 நிமிடம் முன்னதாக வந்து சேர வேண்டும், அதற்கு முன் சாப்பாடு, அதற்கு முன் குளியல். இப்படியே வந்தால் ஈப்போவில் கிளம்பும் நேரம் தானாகத் தெரியும்.

மெங்லெம்பு, பூசிங், ஸ்ரீ இஸ்கண்டார், ஆயர் தாவார், சித்தியவான் வழியாக லூமுட் சேர ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பேருந்தில் போவோருக்கு அமான்ஜெயா முனையத்திலிருந்து வண்டி உண்டு.

லூமுட் நகரப் படகுத்துறை ஒன்று, மரினா தீவுப் படகுத்துறை இன்னொன்று. மரினாவிலிருந்து கடக்கும் தூரம் குறைவு, 10 முதல் 15 நிமிடம். போன துறைக்கே திரும்புங்கள். வண்டி ஒரு துறையில் நிற்க, நீங்கள் மறு துறையில் இறங்கினால் பிள்ளைகளோடும் மூட்டையோடும் அலைய வேண்டிவரும்.

4. மூட்டை கட்டும் முறை

ஆளுக்கு ஒரு பை, முதுகில் மாட்டுவதாக இருக்கட்டும். படகில் ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ரப்பர் செருப்பைப் பைக்குள் போட்டு, பின்வார் உள்ள காலணி அணியுங்கள். அடையாள அட்டை, கைப்பேசி, நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டு ஒருவரே வைத்துக்கொள்ளட்டும். ஒரு வேளை மருந்து கூடுதலாக இருக்கட்டும். இரவு தங்க நேர்ந்தால் அதுதான் உதவும். ரொக்கமும் வேண்டும், சின்ன நோட்டுகளாக.

வாந்தி வரும் உடம்பென்றால், படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை. காலை உணவு இட்லியோ ரொட்டியோ போதும், சம்பால் ஊற்றிய நாசி லெமாக்கைத் திரும்பி வந்து சாப்பிடலாம்.

5. படகில் ஏறியதும்

உட்காருமுன் பாதுகாப்பு அங்கி எங்கே இருக்கிறது, வெளியேறும் வழி எது என்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் ஆட்டம் குறைவு. தலை சுற்றினால் கைப்பேசியைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பாருங்கள்.

லூமுட்டிலிருந்து போகும்போது கடற்படைத் தளத்தின் சாம்பல் நிறக் கப்பல்கள் தெரியும். கடல் அமைதியாக இருக்கும். இந்த அமைதியை நம்பி ஏமாறாதீர்கள். தீவே மேற்குக் காற்றைத் தடுத்து நிற்பதால்தான் இந்தப் பக்கம் அமைதி. பாசிர் போகாக், தெலுக் நிப்பா கடற்கரைகள் மறுபுறம் திறந்த நீரிணையைப் பார்த்து இருக்கின்றன. அங்கே அலை வேறு.

6. தீவில் இறங்கியதும்

லூமுட் படகுகளில் சில, முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நின்று, பிறகே பங்கோர் நகருக்குப் போகும். எல்லோரும் எழுகிறார்களே என்று நீங்களும் எழுந்துவிடாதீர்கள். கேட்டு இறங்குங்கள்.

துறை வாசலில் இளஞ்சிவப்பு வேன்கள் நிற்கும். ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள், திரும்பும் நேரத்துக்கு அதே ஓட்டுநரைச் சொல்லிவையுங்கள். வாடகை மோட்டார் சைக்கிள் எடுப்போர் தெலுக் டாலாமிலிருந்து கிழக்கே வரும் மலைச்சாலையில் கவனமாக இருங்கள். ஏற்றம் செங்குத்து, வளைவு கூர்மை. மழைக்குப் பின் அந்தப் பக்கம் வேண்டாம்.

ஒரு பகலே இருந்தால் மூன்று இடம் போதும். பங்கோர் நகரில் பத்திர காளியம்மன் ஆலயம். தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயம் சேமிக்கக் கட்டிய கோட்டை. 1690-இல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கி அழித்தார்கள்; 1743-இல் மீண்டும் எழுப்பப்பட்டு, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பிறகு ஒரு கடற்கரை. மாலை தங்குவோர் தெலுக் நிப்பாவில் ஆறரை மணியளவில் இருவாச்சிப் பறவைகள் தாழப் பறந்து வருவதைப் பார்க்கலாம்.

7. சிறுபடகு வாடகைக்கு எடுத்தால்

பணம் கொடுக்குமுன் ஐந்து கேள்வி: தலைக்கு ஓர் அங்கி உண்டா? பிள்ளைகள் அளவில் உண்டா? எத்தனை பேர் ஏற அனுமதி? எங்கே இறக்கிவிடுவீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்பீர்கள்? அங்கியைக் கையில் வாங்கி, பிள்ளைக்கு மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளையின் அங்கி அல்ல. படகின் எண்ணைப் படம் எடுத்துக் கரையில் இருப்பவருக்கு அனுப்புங்கள். காலையில் போங்கள். பிற்பகலில் கடற்காற்று எழும்பி மேற்குக் கரையில் அலை கூடும்.

8. திரும்பிவிடும் முடிவை முன்பே எடுங்கள்

முதல் நாள் இரவிலும் கிளம்பும் காலையிலும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். மேற்கே மேகம் வில்போல் கறுத்து எழுந்து, வெயிலின் நடுவே திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கக்கூடாது. இந்த அடையாளம் தெரிந்தால் திரும்பிவிடுவோம் என்று வீட்டிலேயே எல்லோரும் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். செலவழித்த பணத்தைக் கடற்கரையில் நின்று கணக்குப் பார்த்தால் மனம் வராது. மழை நாளில் அப்பா கத்தியை எடுக்கவில்லை, அன்றைய கூலி போனது. ஆனால் மரம் பிழைத்தது, மறுநாளும் வெட்டினார். அவசரத்துக்கு 999.

9. திரும்பும் படகில்

நெத்திலியும் கருவாடும் வாங்கினால் இரண்டு உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். 2020 சனவரி 1 முதல் பங்கோர் வரியில்லாத் தீவு. வரியில்லாப் பொருளைக் கொண்டுவருவோர் சுங்க விதியைக் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். 1874 சனவரி 20 அன்று இந்தத் தீவுக்கு அருகே நின்ற புளூட்டோ என்ற ஆங்கிலக் கப்பலில்தான் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் வழியாக ஆங்கில ஆட்சி பேராக்கில் கால் வைத்தது. பின்னர் ரப்பர் வந்தது, தோட்டம் வந்தது, கப்பலேறி நம் தாத்தா பாட்டி வந்தார்கள். அந்தக் கடல் இதுதான் என்று சொல்லுங்கள்.

வீடு சேர்ந்ததும் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன தேதி, நீர் எப்போது வற்றியது, காற்று எப்போது எழுந்தது, எதை மறந்தோம். அடுத்த பயணத்துக்கு அதுவே வழிகாட்டி. எங்கள் வீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் அம்மாவின் குண்டு எழுத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: ‘அடிப்படியில் பாசி. கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.’